திரையில் மழை இல்லை

எங்கள் மாவட்டத்தில் இனி யாரும் நிரல் எழுதத் தெரியாமல் அன்றாட வாழ்க்கை நடத்தக் கூடாது என்று ஆணை வந்தபோது ஒருவர்கூட எதிர்த்துப் பேசவில்லை. ஜாவாவில் ஓர் ஆணையை எதிர்த்துப் பேசுவது, விருந்துக்குப் போன வீட்டில் தேநீரில் சர்க்கரை போதவில்லை என்று சொல்வதைப் போன்றது. சட்டப்படி தடையில்லை. யாரும் செய்ததில்லை.

ஆணையின் தந்தை டாக்டர் சூர்யத்மோஜோ. அன்றாட வாழ்க்கை நிரலாக்க முகமையின் தலைவர். அதற்கு முன் மாவட்ட மண்புழு வளர்ப்பு இயக்கத்துக்குத் தலைவராக இருந்தார். அந்த இயக்கம் தோற்றதற்கு மண்புழுக்கள் போதிய ஒத்துழைப்புத் தராததே காரணம் என்று அவருடைய இறுதி அறிக்கை சொன்னது. பிறகு வெளிநாட்டுக் கருத்தரங்கு ஒன்றுக்குப் போய்வந்தார். விடுதியின் காலை உணவு மேசையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ, வருங்காலத்தில் நிரல் தெரியாதவனுக்குச் சோறு கிடைக்காது என்று சொல்லியிருக்கிறார்கள். டாக்டர் அதைக் கையில் தட்டோடு கேட்டதால் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது.

"பல் துலக்குவது முதல் படுக்கப் போவது வரை, நிரல் தெரியாமல் வாழ முடியாது" என்று மேடைதோறும் சொல்வார். அவருடைய கைபேசியைத் திறக்கும் எண் உதவியாளர் வாஸ்கிதோவுக்கு மட்டும்தான் தெரியும்.

ஆணை முதலில் பாய்ந்தது கல்யாண வேலைக்காரர்கள் மேல். பந்தல்காரர், ஒலிபெருக்கிக்காரர், சமையல்காரர், மணப்பெண் அலங்காரம் செய்பவர் எல்லாரும் முகமையின் சான்றிதழ் வாங்கியாக வேண்டும். சான்றிதழ் இல்லாத ஒருவர் வேலை செய்தாலும் அந்தக் கல்யாண வீட்டுக்குக் கூட்டம் கூட்டும் அனுமதி கிடைக்காது. நோன்பு மாதத்துக்கு முந்திய ருவா மாதம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. ஊரில் பாதிக் கல்யாணம் அந்த மாதத்தில்தான் நடக்கும். இந்த வருடம் அது அடைமழைக் காலத்தில் வந்து விழுந்திருந்தது.

அதனால்தான் பாக் பொனிரானுக்குக் கவலை; பாக் என்றால் எங்கள் பக்கத்தில் ஐயா. அவர் மழை நிறுத்துபவர்.

கல்யாண வீட்டின் பின்கட்டில் ஈர்க்கு விளக்குமாற்றைத் தலைகீழாக நட்டு, ஈர்க்கு முனைகளில் சிவப்பு மிளகாயும் சின்ன வெங்காயமும் குத்தி, சாம்பிராணி புகைத்து, பக்கத்தில் கிராம்புச் சிகரெட்டோடு உட்கார்ந்திருப்பார். வேலைக்கு முந்தைய நாளிலிருந்து தண்ணீர் உடம்பில் படக் கூடாது, குளிக்க மாட்டார். முக்கியமான விதி ஒன்று உண்டு. அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் 'மழை' என்ற சொல்லைச் சொல்லக் கூடாது. 'அது' என்பார்கள். சின்னப் பிள்ளைகள் வாயில் மிட்டாயைத் திணித்து வைப்பார்கள். அன்று பெய்யாவிட்டால் பொனிரானால் பெய்யவில்லை. பெய்துவிட்டால், வீட்டில் யாரோ வாயை விட்டிருக்கிறார்கள். இத்தனை வருடத்தில் யாரும் இதில் குறை கண்டதில்லை.

அவருக்கு வேறு வேலை தெரியாது. ருவா மாதத்தில் சம்பாதிப்பதை வைத்துத்தான் வருடத்தை ஓட்டுவார். சான்றிதழ் இல்லாவிட்டால் அந்த மாதம் போய்விடும்.

"போய் ஒரு மாசம் உக்காந்துட்டு வாங்களேன்" என்றாள் மனைவி ருமினா. தெருமுனையில் தெம்பே என்னும் சோயாக் கட்டிகளைப் பொரித்து விற்பவள். "நான் வாங்கல?"

"நீ என்ன எழுதிக் குடுத்த?"

"எண்ணெய் காஞ்சுதா? காஞ்சா தெம்பேயப் போடு. காயலையா? நில்லு. அம்புட்டுதான் கோடிங்."

"இது உனக்கு முன்னாடியே தெரியுமே."

"எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னு கவர்ன்மென்டுக்குத் தெரியாதுல்ல?"

வகுப்பு ஊர் மண்டபத்தில் நடந்தது. மடிக்கணினிகள் இன்னும் வந்து சேரவில்லை. அவற்றுக்கு ஒதுக்கிய தொகை அவற்றை வரவேற்கும் பதாகைக்குச் செலவாகியிருந்தது. அதனால் விசைப்பலகையைத் தாளில் அச்சடித்து, மழைக்காலம் என்பதால் மேலே பிளாஸ்டிக் ஒட்டி, ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். தாளில் தட்டியதைப் பயிற்றுநர் கினாசி கற்பனையில் படித்துத் திருத்த வேண்டும்.

கினாசி சுரபயாவிலிருந்து வந்த இளம்பெண். சுரபயாக்காரர்கள் மனதில் இருப்பதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள் என்று எங்கள் பக்கத்தில் ஒரு பயம் உண்டு. அவளுக்கு உண்மையிலேயே நிரல் எழுதத் தெரியும். முகமையில் அப்படிப்பட்டவர் அவள் ஒருத்திதான். அதனால் அவளுக்கு மேசை தரப்படவில்லை.

ஒவ்வொரு வகுப்பும் முழக்கத்தோடு தொடங்க வேண்டும் என்பது விதி. கினாசி கண்ணை மூடிக்கொண்டு, "ஒன்று!" என்று கத்துவாள். எல்லாரும் ஒரு விரலை உயர்த்தி, "பூஜ்யம்!" என்பார்கள். விரலைத் தப்பாக உயர்த்துகிறோம் என்று யாருக்கும் தோன்றவில்லை. "வாழ்க்கை?" என்பாள். "சுலபம்!" என்று மண்டபம் அதிரும்.

முதல் பாடம் பல் துலக்குவது. பந்தல்காரர் கஸ்னோ தாளில் தட்டிவிட்டுப் பேனாவாலும் எழுதித் தந்ததைக் கினாசி வாங்கிப் பார்த்தாள்.

"பாக் கஸ்னோ, எப்ப நிறுத்தணும்னு நீங்க எழுதவே இல்லையே. இதும்படி பாத்தா நீங்க சாகற வரைக்கும் பல் துலக்கிட்டே இருப்பீங்க."

"எம் பொஞ்சாதி கதவத் தட்டுவா டீச்சர். அப்ப நிறுத்திருவேன்."

"அப்ப அத எழுதணும்."

"அவ தட்டறத நான் எதுக்கு எழுதணும்? ஊருக்கே கேக்குமே."

மண்டபம் சிரித்தது. பாட முடிவில் அவள், "எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்று கேட்டாள். "புரிஞ்சுது!" என்றார்கள் ஒரே குரலில். பாடம் நடத்தியவரிடம் புரியவில்லை என்று சொல்வது அவரை அவமதிப்பது. முகமை அந்த வாரமே அறிக்கை வெளியிட்டது: புரிதல் நூறு சதவீதம்.

கடைசிப் பாடத்துக்கு ஒவ்வொருவரும் தம் தொழிலையே நிரலாக எழுத வேண்டும். பொனிரான் எழுதியதைக் கினாசி இரண்டு முறை படித்தாள்.

"'விளக்குமாறு நட்டாச்சு. மிளகாய் குத்தியாச்சு. பூசை நடந்தா, மழை இல்லை.' சரி பாக். நடக்கலன்னா?"

"என்ன நடக்கலன்னா?"

"பூசையெல்லாம் ஒழுங்கா செஞ்சும் மழ வந்துட்டா? 'இல்லாவிட்டால்'னு ஒரு வரி வேணும்ல? அதுக்கு அப்புறம் என்ன செய்யணும்னு எழுதணும்."

பொனிரான் பேனாவை மேசையில் வைத்துவிட்டார். "அத மட்டும் எழுத மாட்டேன் டீச்சர்."

"ஏன்?"

"எழுதுனா வரும்."

"என்ன வரும்?"

"அதான்... அது."

"பாக், சும்மா ஒரு பேச்சுக்கு."

"நம்ம வேலையே அந்தப் பேச்சு இல்லாம இருக்கறதுதான். நீங்க கல்யாண வீட்டுக்குப் போய் மாப்பிள்ளை ஓடிட்டா என்ன செய்வீங்கன்னு கேப்பீங்களா?"

"எங்க ஊர்ல கேப்போம்" என்றாள் கினாசி. பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "இங்க பாருங்க பாக். இவங்க கத்துக்கொடுக்கச் சொல்றதுல முக்காவாசி குப்பை. பல்லு துலக்க யாருக்கும் நிரல் வேணாம். ஆனா இதுல உருப்படியா ஒண்ணு இருக்குன்னா, அது அந்த 'இல்லாட்டி'தான். நாம நெனச்சது நடக்கலன்னா என்ன செய்யறதுன்னு முன்னாடியே யோசிச்சு வெக்கறது. எனக்கு வீட்ல, அடுப்படில, பஸ்ஸுல எல்லாத்துலயும் உதவுனது அது ஒண்ணுதான்."

பொனிரான் மரியாதையாகத் தலையசைத்தார். "நல்ல விஷயம் டீச்சர். ஆனா எழுத மாட்டேன்."

நடந்தால், நடக்காவிட்டால் என்ற இரண்டு பக்கமும் எழுதப்படாத நிரலுக்குச் சான்றிதழ் இல்லை என்பது விதி. கினாசி அவரைத் தேர்ச்சி பெறாதவர் என்று குறித்தாள். அவளுக்கும் வருத்தம்தான், ஆனால் சுரபயாக்காரி.

இரண்டு நாள் கழித்து வாஸ்கிதோ அவர் வீட்டுக்கு வந்தார். முன்வாசல் வழியாக அல்ல, சமையலறைப் பக்கமாக.

"பாக் பொனிரான், நான் இங்க வரலை."

"சரிங்க. வராமயே உக்காருங்க."

வாஸ்கிதோ உட்கார்ந்தார். நிரலாக்க இயக்கத்தின் மாவட்டத் தொடக்க விழா திறந்த மைதானத்தில் நடக்க இருக்கிறது. மாவட்டத்தின் தலைவரான பூபதி வருகிறார். ஜகார்த்தாவிலிருந்தும் பெரியவர்கள் வருகிறார்கள். வானிலையோ சொல்வதற்கில்லை. "டாக்டர் இதையெல்லாம் நம்பறவர் இல்ல. போன வாரம்தான் 'மூடநம்பிக்கைக்கு நிரல் கிடையாது'ன்னு பேசியிருக்காரு. ஆனா நம்பாததால ஒரு ஏற்பாட்ட ஏன் விட்டுவைக்கணும்னு நெனக்கிறாரு."

"என்னைய வரச் சொல்றீங்களா?"

"மழை நிறுத்தறவராக் கிடையாது. வானிலை நிபந்தனை ஆலோசகரா."

"அதுக்குக் குளிக்கலாமா?"

"வேண்டாம்" என்றார் வாஸ்கிதோ அவசரமாக. "அதெல்லாம் வழக்கப்படியே செஞ்சுருங்க. விழா நல்லபடியா முடிஞ்சா மேடையிலயே சான்றிதழ். பூபதி கையால."

ருமினா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "முடியலன்னா?"

வாஸ்கிதோ அவளைப் பார்த்துப் புன்னகைத்தார். எங்கள் மாவட்டத்தில் அதிகாரிகள் பதில் இல்லாதபோது புன்னகைப்பார்கள். பதில் இருக்கும்போதும் அப்படித்தான்.

இதற்கிடையில் டாக்டருக்கு இன்னொரு யோசனை உதித்தது. உள்ளூர் அறிவைக் கணினிக்குள் கொண்டுவந்த முதல் மாவட்டம் எங்களுடையது என்று ஜகார்த்தாக்காரர்களுக்குக் காட்ட வேண்டும். மைதானத்தில் பெரிய திரை வைத்து, பொனிரானின் நிரலை அதில் ஓடவிடலாம். கினாசியைக் கூப்பிட்டனுப்பினார்கள்.

"சார், அந்த நிரல்ல 'இல்லாவிட்டால்' இல்ல. எப்பக் கேட்டாலும் மழை இல்லைன்னு மட்டும்தான் சொல்லும்."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே சார்."

டாக்டரின் முகம் மலர்ந்தது. "ஒரு தடவகூடத் தவறாம?"

"தவற முடியாது சார். அதான் பிரச்சினையே."

"பெண்ணே, நான் முப்பது வருஷமா அரசாங்கத்துல இருக்கேன். இவ்வளவு நம்பகமான ஒண்ண நான் பாத்ததே இல்ல. நீங்க இளைஞர்கள் எதையும் சந்தேகமாவே பாக்கறீங்க. 'இல்லாவிட்டால்', 'இல்லாவிட்டால்'னு. மண்புழுத் திட்டத்தையே நான் ஒரு 'இல்லாவிட்டால்' இல்லாமத்தான் நடத்தினேன்."

முகமை அந்த நிரலைச் சோதித்துப் பார்த்தது. வெயிலில் சோதித்தார்கள், மழை இல்லை என்றது. ஒரு மாலை நல்ல மழையில், சன்னலை மூடிவிட்டுச் சோதித்தார்கள். அப்போதும் இல்லை என்றது. முடிவுகளில் முரண்பாடே காணப்படவில்லை என்று குறிப்பு எழுதினார்கள்.

விழாவுக்கு முந்தைய நாள் கஸ்னோ மைதானத்தில் பந்தல் கால்களை நட்டுக்கொண்டிருந்தபோது டாக்டர் வந்து நிறுத்தினார்.

"இது எதுக்கு?"

"பெரியவங்க உக்கார்றதுக்குங்க. ஒருவேள..."

"கூரை போட்டா, நம்ம நிரல் மேல நமக்கே நம்பிக்கை இல்லைனு ஜகார்த்தாக்காரங்க நெனப்பாங்க. பிரிச்சிடுங்க."

கஸ்னோ பிரித்தார். விளக்குமாற்றைச் சரிபார்க்க வந்திருந்த பொனிரானிடம், "நட்ட கால வெயில் படறதுக்கு முன்னாடியே பிடுங்குனது இதான் முத தடவ" என்றார். "ஒங்க மேல அம்புட்டு நம்பிக்கையா?"

"எம் மேல இல்ல. திரை மேல."

"அதுக்கு மிளகா குத்துனீங்களா?"

குடைகள் கொண்டுவரக் கூடாது என்றும், விழா முடியும் வரை குறிப்பிட்ட அந்தச் சொல்லை யாரும் உச்சரிக்கக் கூடாது என்றும் அன்று மாலை சுற்றறிக்கை வந்தது. காரணம் குறிப்பிடப்படவில்லை. மூடநம்பிக்கை என்று யாரும் சொல்லிவிடக் கூடாதல்லவா.

விழா நாள். மைதானத்தின் நடுவே பள்ளிப் பிள்ளைகளை வெள்ளைச் சட்டையில் நிற்கவைத்து ஒரு பெரிய ஒன்றும் ஒரு பெரிய பூஜ்யமும் உருவாக்கியிருந்தார்கள். மேடைக்கு எதிரே நாற்காலி வரிசைகள்; முதல் வரிசையில் பட்டு உறை போட்ட நாற்காலியில் பூபதி. மேடைக்குப் பின்னால் மின்னாக்கி இயந்திரத்தின் மறைவில், குளிக்காத உடம்போடும் மிளகாய் குத்திய விளக்குமாற்றோடும் பொனிரான். அவருக்கு எதிர்க்காற்றுப் பக்கமாகக் கணினியோடு கினாசி. எல்லாருக்கும் மேலே திரை. பச்சை எழுத்தில்: மழை இல்லை.

தொகுப்பாளர் வரவேற்பைத் தொடங்கும்போதே மலைப்பக்கம் கறுத்திருந்தது. எங்கள் ஊர் வரவேற்பில் வந்திருப்பவர்களின் பெயரும் பட்டமும் பதவி வரிசையில் வாசிக்கப்பட வேண்டும். துணைவியாருக்கும் தனி வணக்கம் உண்டு. காவல்துறை அதிகாரியின் துணைவியார் வரை வந்தபோது முதல் துளி விழுந்தது. கூட்டுறவுச் சங்கத் தலைவரை எட்டும்போது பெய்யத் தொடங்கிவிட்டது. "இந்த இனிமையான, பிரகாசமான காலைப்பொழுதில்" என்று எழுதி வைத்திருந்ததைத் தொகுப்பாளர் எழுதியபடியே வாசித்தார். தாளிலிருந்து மை வழிந்துகொண்டிருந்தது.

யாரும் எழவில்லை. பூபதி எழாமல் மற்றவர் எழுவது எங்கள் பழக்கத்தில் இல்லை. பூபதியும் எழவில்லை. அவர் திரையைப் பார்த்தார். அவருடைய படம் போட்ட திரை அது. அது மழை இல்லை என்றது.

டாக்டர் சூர்யத்மோஜோ ஒலிபெருக்கியைப் பிடித்தார். மூக்குக்கண்ணாடியில் நீர் ஓடியது.

"பெருமக்களே! இதுநாள் வரை நாம் எப்படி வாழ்ந்தோம்? கண்ணால் பார்த்தோம், அதை நம்பினோம். தோலில் பட்டது, அதை நம்பினோம். எவ்வளவு பின்தங்கிய வாழ்க்கை! நிரல் கற்ற குடிமகன் முதலில் திரையைப் பார்ப்பான். அதற்குப் பிறகும் நேரமிருந்தால் வானத்தைப் பார்ப்பான். சிலர் என்னிடம் கேட்கிறார்கள், நிரல் கற்பதால் சாமானியனுக்கு அன்றாடம் என்ன பயன் என்று. இதோ உங்கள் கண்முன்னே பயன்! இந்த நிமிடம், இந்த மைதானத்தில், நீங்கள் எல்லாரும் எவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறீர்கள்!"

கைதட்டினார்கள். ஈரக் கைகளின் சத்தம் வேறு மாதிரி இருந்தது. பின்வரிசையில் சிலர் பலகாரப் பெட்டியைத் தலைமேல் தூக்கிப் பிடித்திருந்தார்கள். மாவட்டத் துணைச் செயலர் திரும்பிப் பார்த்ததும் மடிக்கு இறக்கிக்கொண்டார்கள். ஜகார்த்தா விருந்தினர் ஒருவர் தம் பக்கத்து நாற்காலிக்காரரிடம் மெல்ல, "இங்க இது... வழக்கமா?" என்று கேட்டார். "எது சார்?" என்றார் அவர் பணிவாக.

மைதானத்தின் நடுவே பூஜ்யம் நடுங்க ஆரம்பித்தது. தண்ணீர் தேங்கி, முன்னால் நின்ற சின்னப் பிள்ளைகளுக்குக் கணுக்காலுக்கு மேல் ஏறியிருந்தது. ஒன்றின் அடியில் நின்ற ஒரு சிறுமி சத்தமில்லாமல் அழுதாள். உதடு நீலமாகிவிட்டது. ஆசிரியைகள் தலைமையாசிரியரைப் பார்த்தார்கள். தலைமையாசிரியர் வட்டாட்சியரைப் பார்த்தார். வட்டாட்சியர் பூபதியைப் பார்த்தார். பூபதி திரையைப் பார்த்தார். திரை யாரையும் பார்க்கவில்லை.

"நிறுத்திருங்க டீச்சர்" என்றார் பொனிரான்.

"என்னத்த நிறுத்தறது? நான் கணினிய அணைச்சாலும் கடைசியா சொன்னது அங்கயே நிக்கற மாதிரி செஞ்சு வெச்சிருக்காங்க. டாக்டரோட உத்தரவு." கினாசி முகத்தை வழித்துக்கொண்டாள். "நான் போய்ச் சொல்லிப் பாத்துட்டேன். வெளியூர்ப் பொண்ணு, ஓரமா நில்லுன்னுட்டாங்க."

"அந்தப் புள்ளைங்க விழுந்துரும்."

"விழும்."

பொனிரான் விளக்குமாற்றைப் பார்த்தார். மிளகாய்கள் மழையில் நனைந்து பளபளவென்றிருந்தன. மேடையோரத்தில் ஒரு தட்டில், பட்டுத் துணிக்கு அடியில், அவருடைய சான்றிதழ் இருந்தது. அவர் எதுவும் செய்யாமல் இருந்தால் போதும். டாக்டர் பேச்சை முடிப்பார், பூபதி கையால் அது கிடைக்கும், ருவா மாதம் பிழைக்கும். வாய் திறந்தால், அந்த மாதம் மட்டுமல்ல. ஒரு மழை நிறுத்துபவன் தன் வாயாலேயே அந்தச் சொல்லைச் சொன்னான் என்று ஆகிவிட்டால், அப்புறம் அவன் எதற்கு?

அவர் மேடையேறினார். இரண்டு நாள் குளிக்காத மனிதருக்கு அதிகாரிகள் தாமாகவே வழிவிட்டார்கள். டாக்டர் மூச்செடுக்க நிறுத்திய இடத்தில் ஒலிபெருக்கியின் பக்கம் குனிந்தார்.

"மன்னிக்கணும் பூபதி அவர்களே" என்றார். "மழை பெய்யுதுங்க."

முன்வரிசை மொத்தமும் பூபதியைத் திரும்பிப் பார்த்தது.

பூபதி சட்டென்று எழுந்தார். "அப்படியா?" என்றார். "இத யாராவது முன்னாடியே சொல்லக் கூடாதா?"

அடுத்த நொடி நாற்காலிகள் கவிழ்ந்தன. கூட்டம் சிதறியது. ஒன்றும் பூஜ்யமும் உடைந்து பள்ளிக்கூடத் தாழ்வாரத்துக்கு ஓடின. அழுத சிறுமியைக் கினாசி தூக்கிக்கொண்டு ஓடினாள். அத்தனை குழப்பத்திலும் வாஸ்கிதோ, பட்டுத் துணி மூடிய தட்டை மட்டும் நனையாமல் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

விசாரணை நடந்தது. டாக்டர் சூர்யத்மோஜோ நிருபர்களைக் கூட்டி முடிவை அறிவித்தார்.

"தரவுகள் தெளிவாக இருக்கின்றன. வரவேற்பு தொடங்கியதிலிருந்து பாக் பொனிரான் பேசும் வரை ஒருவர்கூட எழுந்து ஓடவில்லை. குடை விரிக்கவில்லை. புகார் வரவில்லை. தொகுப்பாளரே பிரகாசமான காலை என்று பதிவு செய்திருக்கிறார். அவர் அந்தச் சொல்லைச் சொன்ன மறுநொடி எல்லாரும் ஓடினார்கள். ஆக, மழைக்குக் காரணம் எது? நிரல் பிழையின்றி வேலை செய்துகொண்டிருந்தது. அங்கீகாரம் பெறாத ஒருவர் வெளியிலிருந்து உள்ளீடு கொடுத்துவிட்டார்."

"அப்படின்னா ஒருத்தர் சொன்னதால மழை வந்துச்சுன்னு முகமை சொல்லுதுங்களா?" என்று ஒரு நிருபர் கேட்டார்.

"நாங்கள் சொல்லவில்லை. தரவு சொல்கிறது."

அறிக்கை பூபதியின் முத்திரையோடு வெளியானது. பொனிரானுக்குச் சான்றிதழ் மறுக்கப்பட்டது. கினாசியை, பயிற்சி பெற்றவர்களிடம் தேவையற்ற ஐயங்களைத் தூண்டியதாகச் சொல்லி, கடலுக்குள் ஒரு தீவுக்கு மாற்றினார்கள். போகும் நாளில் ருமினாவின் கடைக்கு வந்து தெம்பே வாங்கிக்கொண்டாள்.

"அந்தத் தீவுல என்ன வேலை டீச்சர்?" என்றார் பொனிரான்.

"அதே வேலைதான். மின்சாரம்தான் இல்லையாம்."

"அப்ப?"

"தாள் விசைப்பலகை இருக்கே." அவள் சிரித்தாள். பேருந்து வரும் திசையைப் பார்த்தாள். "நீங்க அன்னைக்கு அந்த 'இல்லாட்டி' வரிய எழுதிட்டீங்க பாக். இங்க யாரும் எழுதாதது."

"எழுதி என்ன, பொழப்பு போச்சு."

அவள் தெம்பேப் பொட்டலத்தைப் பையில் வைத்தாள். பேருந்தும் வந்துவிட்டது.

முதல் கல்யாண வீட்டார் வந்து, மிகுந்த மரியாதையோடு, மிகவும் நீளமாக, சான்றிதழ் உள்ள பக்கத்து ஊர் மழை நிறுத்துபவரை ஏற்பாடு செய்துவிட்டதைச் சொன்னார்கள். இரண்டாவது வீட்டார் ஆள் அனுப்பினார்கள். மூன்றாவது வீட்டார் தெருவில் பார்த்தபோது வேறு பக்கம் போனார்கள். பொனிரான் குளித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தார். ருவா மாதம் பிறந்தபோது ருமினா வழக்கத்தை விட இருமடங்கு தெம்பே ஊறவைத்தாள். ஒரு மாதப் பிழைப்பை ஒரு வாணலியால் ஈடுசெய்ய முடியுமா என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

நான்காவது வீட்டார் கையில் சோற்றுப் பெட்டிகளோடும் பணம் வைத்த ஓர் உறையோடும் வந்தார்கள். மணப்பெண்ணின் தகப்பனார் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"பாக், நாளைக்கு எம் பொண்ணுக்குக் கல்யாணம்."

பொனிரான் எழுந்தார். "நான் வரணுமா?"

"அய்யோ, வேணாம்! வர வேணாம். வீட்டுலயே இருங்க. பொழுது சாயற வரைக்கும் அந்தச் சொல்ல மட்டும் சொல்லாம இருந்தீங்கன்னா போதும். பூபதி முத்திரையே போட்டுட்டாருல்ல, நீங்க சொன்னா வந்துருதுன்னு. எதுக்கு வம்பு?"

பொனிரான் மனைவியைப் பார்த்தார். ருமினா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அந்தச் சொல்ல மட்டுமா, இல்ல மொத்தமாப் பேசாமலா?" என்றாள். "மொத்தமாப் பேசாம இருக்கறதுன்னா வீட்டுல எனக்கும் கஷ்டம்தான. அதுக்குத் தகுந்த மாதிரி குடுங்க."

அந்த மாதம் முழுக்க அப்படித்தான் போனது. ஆணையில் கூட்டம் நடக்கும் இடத்தில் சேவை செய்பவர்களுக்குத்தான் சான்றிதழ் தேவை. வீட்டில் சும்மா இருப்பவருக்குத் தேவை என்று எங்கும் எழுதவில்லை. ஒரே நாளில் மூன்று கல்யாணம் என்றால் மூன்று வீட்டுக்கும் ஒரே சமயத்தில் பேசாமல் இருந்தார். முன்பு அப்படி முடியாது. விளக்குமாற்றோடு ஓர் இடத்தில்தான் உட்கார முடியும். பக்கத்து ஊர் ஆளும் தனக்குக் கிடைத்ததில் ஒரு பங்கை அனுப்பிவைத்தார்.

நோன்பு தொடங்குவதற்குச் சற்று முன்னால், சமையலறைப் பக்கமாக வாஸ்கிதோ வந்தார். இந்த முறை தான் வரவில்லை என்று சொல்லவில்லை. கையில் பட்டுத் துணி மூடிய தட்டு.

"டாக்டரோட பொண்ணுக்குக் கல்யாணம். வீட்டுத் தோட்டத்துல. ஜகார்த்தாவுலேருந்தெல்லாம் வர்றாங்க" என்றார். "அவரு இதையெல்லாம் நம்பறவர் இல்ல. ஆனா, அறிக்கைல அவரே கையெழுத்துப் போட்டுட்டாரு."

துணியை விலக்கினார். சான்றிதழ். கண்ணாடிச் சட்டம் போட்டிருந்தது. ருமினா எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தாள்: "நிரலாக்கத்தின் பயனை மக்களிடையே வாய்மொழியாக எடுத்துரைத்த சேவைக்காக, பாக் பொனிரான் அவர்களுக்கு..."

வெளியே மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. பொனிரான் சான்றிதழை வாங்கக் கை நீட்டி, வாயைத் திறந்தார்.

"பேசாதீங்க பாக்!" வாஸ்கிதோ தட்டோடு பின்வாங்கினார். "தயவு செஞ்சு. நாளைக்குக் கல்யாணம்."

நன்றி சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தது. மூடிக்கொண்டார்.

ருமினா சட்டத்தை வாங்கி, முந்தானையால் கண்ணாடியை ஒரு முறை துடைத்தாள்.

"பொண்ணு வீட்டுக்கு இவரு பேசாம இருக்கறதுக்கு இது சரியாப் போச்சு" என்றாள். "மாப்பிள்ளை வீட்டு விருந்து எப்பங்க?"